தோலில்லாத பூனை

ஆம்பூரில் எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு மரப்பூனை இருக்கிறது. மைசூர் போய்த் திரும்பும் வழியில் சன்னபட்டணாவில் வாங்கியது. சிவப்பு உடம்பு, மஞ்சள் காது, கறுப்பு மீசை. அது வந்த நாளிலிருந்து என் ஒன்பது வயது மகள் அதை வைத்து விடுகதை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

“மீசை இருக்கு, முறைக்காது. பால் வெச்சா குடிக்காது. எலி வந்தா எழுந்திரிக்காது. அது இன்னா தாத்தா?”

அப்பாவுக்கு விடை தெரியும். தெரியாதவர் மாதிரி மோட்டுவளையைப் பார்ப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் டேனரியில் வேலை பார்த்தவர். சுண்ணாம்பும் குரோமும் தின்ற விரல்கள். ஒருநாள் அவரும் ஒன்று போட்டார்:

“உசிரோட இருந்தப்போ ஊரத் தாண்டல. செத்தப்புறம் ஊரெல்லாம் சுத்துது, சீமைக்கும் போவுது. அது இன்னா?”

“பேய்!”

வாசலில் கிடந்த என் ஷூவைக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. “அது எந்த ஆடு தாத்தா?” என்றாள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எண்ணிக்கைதான் வரும் பாப்பா, பேரு வராது” என்றார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. விடுகதை பெயரை மறைக்கிறது, நாம் தேட வேண்டும் என்பதற்காக. எங்கள் ஊர்த் தொழிலிலும் பெயர் மறைகிறது. ஆட்டுத்தோல் சுண்ணாம்பில் ஊறி, முடி உதிர்ந்து, குரோமில் நீலம் பாய்ந்ததும் ‘வெட் ப்ளூ’. காய்ந்தால் ‘கிரஸ்ட்’. சாயமும் மினுக்கும் ஏறினால் ‘ஃபினிஷ்டு லெதர்’. கடைக்கு வரும்போது வெறும் பிராண்டு. யாரும் திட்டம் போட்டு மறைக்கவில்லைதான். ஆனால் ஒவ்வொரு புதுப்பெயரும் ஆட்டை ஒரு படி தள்ளி நிறுத்துகிறது.

பூனை, நாய் இவற்றின் உரோமத்தோலை விற்பதையும் இறக்குமதி செய்வதையும் ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. 2008 டிசம்பர் 31 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஐரோப்பாவுக்குத்தான் ஆம்பூர் ஷூக்கள் கப்பலேறுகின்றன. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வலி இரண்டுக்கும் ஒன்றுதான். நாம் எதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டோம் என்பதில்தான் வேறுபாடு. ஆடு வளர்ப்பவர்களும் பேர் வைக்கத்தான் செய்கிறார்கள். சந்தையில் கயிறு கைமாறும்போது அந்தப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறது.

அப்படியென்றால் மரப்பூனைதான் பாவமற்ற பூனையா? வெட்பாலை மரத்துண்டைக் கடைசலில் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி நிறம் பிடிக்கிறது. தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அந்த அரக்கு, மரக்கிளையில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் தங்களைச் சுற்றிச் சுரப்பது. அதைச் சுரண்டி எடுக்கையில் பூச்சிகளும் ஏராளமாகச் சாகின்றன. தோலில்லாத பூனையின் மினுமினுப்பும் வேறோர் உயிரிடமிருந்து வந்ததுதான்.

எனவே கையில் கறை படாமல் வாழ்வது எப்படி என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த ஆசையின் லட்சணம் நமக்குத் தெரியும். செருப்பு போட்டவர் கௌரவமானவர், தோலைத் தொட்டவர் தீண்டத்தகாதவர். ஆட்டின் பேரை மறந்த சமூகம், தோலைத் தொட்டவர்மேல் மட்டும் ஒரு பேரைத் தலைமுறை தலைமுறையாக ஒட்டிவைத்தது. வேலூர் வட்டாரத் தோல் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நியாயமான தீர்ப்பு. ஆனால் ஷூ போட்டு நடந்தவர் எவரும் அந்தக் கணக்கில் வரவில்லை.

நான் ஷூவைத் தூக்கி எறியவில்லை. என் படிப்பு அந்தத் தொழிலின் சம்பளத்தில் வந்தது. எறிவது அப்பாவின் கைகளையும் சேர்த்து எறிவதாக இருக்கும். ஆனால் விடை தெரிந்தும் மோட்டுவளையைப் பார்ப்பது பேத்தியோடு விளையாடும்போது அழகு. மற்ற நேரத்தில் அது பொய்.

போன வாரம் புது ஜோடி வாங்கப் போனவன், பஸ் நிலையம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பழையதற்கே அடி மாற்றித் தைத்துக்கொண்டு வந்தேன். அவர் கேட்ட கூலிக்குப் பேரம் பேசவில்லை. எந்த ஆடு என்று மட்டும் இன்னும் தெரியாது.