ஏடும் அமானிதமும்

காப்புறுதி என்பது வாக்குறுதியொன்றின் விற்பனையாகும். பணம் செலுத்துபவர் இன்று செலுத்துகிறார். பெறவேண்டியதையோ இன்னல் நேர்ந்த பின்னரே பெறுகிறார். இடைப்பட்ட காலத்திற்குப் பிணையாக நிற்பது யாது? 1766 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கார்ட்டர் எதிர் போம் வழக்கை விசாரித்த மான்ஸ்ஃபீல்ட் பிரபு, காப்புறுதி நல்லெண்ணத்தின் மீதமைந்த ஒப்பந்தம் என்றும், அறிந்ததை மறைத்தல் இருதரப்பாருக்கும் ஆகாது என்றும் கூறினார். எம்மூரார் இதனை அமானிதம் என்பர்.

இன்று அமானிதத்தின் இடத்தைக் கணிதம் கோருகின்றது. பிளாக்செயின் எனும் தொடர்பதிவேட்டில் ஒவ்வொரு பதிவுத்தொகுதியும் தனக்கு முந்தியதிலிருந்து கணிக்கப்பட்ட அடையாளத்தைத் தாங்கி நிற்கும். ஒன்றைத் திருத்தின் அதனை அடுத்தவை யாவும் முரண்படும். படிகள் பலரிடம் இருப்பதனால் திருத்தம் உடனே வெளிப்படும். மறைகுறியாக்கமோ, திறவுகோல் உடையவரன்றிப் பிறர் வாசியாவண்ணம் விபரங்களைக் காக்கும்.

இதன் பெறுமதியைக் கல்முனைக்குடியாருக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் உயிர்களோடு காணி உறுதிகளையும் பத்திரங்களையும் வாரிச் சென்றது. கடலால் அழிக்கவும், மேசைக்குப் பின்னாலிருப்பவரால் மாற்றவும் இயலாத ஏடு ஏழைக்கு அரணே.

எனினும் அவ்வரண் எதனைக் காக்கின்றது என வினவுதல் வேண்டும். 2019 இல் ஒக்ஸ்ஃபாம், ஏயோன், ஈதரிஸ்க் ஆகிய மூன்றும் இணைந்து இலங்கையின் சிறு நெற்செய்கையாளருக்குப் பிளாக்செயின் வழிக் காப்புறுதியை அறிமுகம் செய்தன. வானிலைத் தரவு குறித்த எல்லையை எட்டியதும், விவசாயி கோராமலே இழப்பீடு வழங்கப்படும் என்பதே அதன் ஏற்பாடு. அலைச்சலும் காத்திருப்பும் குறையும் என்பதில் ஐயமில்லை. ஆயின், வானிலைக் குறியீட்டை நம்பும் எத்திட்டத்திலும் தரவு சுட்டும் மழையும் வயலிற் பெய்த மழையும் வேறுபடக்கூடும். பயிர் அழிந்திருக்க, எல்லை எட்டப்படவில்லை என ஏடு பதியுமாயின், அப்பதிவு என்றும் அழியாது. விவசாயியின் துயரோ எங்கும் பதியப்படாது.

ஆகவே நம்பிக்கையின் தேவை ஒழியவில்லை, அது இடம்பெயர்ந்துள்ளது. முன்னர் ஏட்டைக் காப்பவரை நம்பினோம். இனி எல்லையை வகுப்பவரையும் தரவை ஊட்டுபவரையும் நம்புகின்றோம். முன்னையவரோடு நேர்நின்று வாதிடலாம், பின்னையவர் முகமறியாதவர்.

பதிவு மாறாதிருத்தல் நன்று. தீர்ப்பு மாறவியலாதிருத்தல் நீதியன்று. இத்தகைய ஒப்பந்தம் ஒவ்வொன்றும், எல்லை எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதைக் கையொப்பத்திற்கு முன் விவசாயியின் மொழியில் உரைத்தல் வேண்டும். முறையீட்டைக் கேட்டு வயலுக்கு வந்து பார்க்கக் கடமைப்பட்ட மனிதர் ஒருவரையும் குறித்தல் வேண்டும். அங்ஙனம் செய்யாதவிடத்து, அமானிதத்தைக் கணிதத்திடம் ஒப்படைத்தோம் எனக் கூறுதல் பொறுப்பைக் கைகழுவுவதேயாகும்.