எண்ணிக் கொடுத்த நேரம்

சேவையை மணிக்கணக்கில் அளக்கலாமா? அளந்தால் அது சேவைதானா?

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969ஆம் வருஷம் செப்டம்பர் 24ந் தேதி தொடங்கியது. அன்று 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும். ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமிட வேண்டும். முடிவில் சான்றிதழ் உண்டு. எனக்காக அல்ல, உனக்காக என்பது அதன் கொள்கை. அப்படியானால் சான்றிதழ் மட்டும் எதற்கு என் பெயரில் என்று குறும்பாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் எந்த நல்ல பழக்கம் கட்டாயமில்லாமல் வந்தது? விரலைப் பிடித்து மணலில் தேய்த்த வாத்தியாரை நொந்துகொண்டேதான் நாம் எல்லோரும் எழுதப் படித்தோம். கணக்குக்காகப் போகிறவனும் போகட்டும். போன இடத்தில் ஏதாவது கண்ணில் படும்.

என்னை உறுத்துவது வேறு. கட்டபொம்மனை 1799இல் தூக்கிலிட்ட கயத்தாற்றை எல்லோருக்கும் தெரியும். அதைத் தாண்டி, காற்றாலைகள் சுழலும் கரிசல் காட்டில் ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பையன் ஒருவன் கிணற்றைச் சுற்றிச் சீமைக்கருவேலை வெட்டுகிறான். அவனுக்கு நாலு மணி நேரம் வரவு. அதே கிணற்றடியில் அவன் வயசுப் பெண் ஒருத்தி, பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் சேர்த்துத் தண்ணீர் சுமக்கிறாள். அவளுக்கு எந்த ஏட்டிலும் வரவு இல்லை. பையனும் அயலான் அல்ல, அடுத்த ஊர்க்காரன். அவன் அம்மாவும் இப்படிச் சுமந்தவள்தான். அதைச் சேவை என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை.

வள்ளுவர் ஒப்புரவையும் ஈகையையும் அடுத்தடுத்து, ஆனால் தனித்தனி அதிகாரங்களாக வைத்தார். ஈகை, இல்லாதவனுக்குக் கொடுப்பது. அங்கே கொடுக்கிறவன் கை மேலே இருக்கும். ஒப்புரவு, ஊரோடு ஒருவனாக இருந்து செய்ய வேண்டியதைச் செய்வது. அதில் மேல் கை, கீழ் கை இல்லை.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் சுமார் 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுற்றிலும் வெள்ளம். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் தங்கள் கஷ்டத்தோடு கஷ்டமாக அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். எத்தனை மணி நேரம் அடுப்படியில் நின்றோம் என்று அவர்களில் யார் எழுதி வைத்தார்கள்?

மாணவன் 240 மணி நேரமும் உழைக்கட்டும். சான்றிதழையும் வாங்கிக்கொள்ளட்டும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் தான் ஏதோ கொடுக்க வந்தவன் என்ற எண்ணத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டுப் போகட்டும். அந்தப் பெண்ணின் வேலையும் தன் வேலையும் ஒரே வேலை என்று தெரிந்துகொண்டால், கணக்கு முடிந்த பிறகும் அவன் அந்த ஊருக்கு வருவான்.