தன்னிறைவும் தன்னலமும்

தமக்கு வேண்டிய உணவைத் தாமே விளைவித்து, பிறரிடம் எதனையும் எதிர்பாராமல் எளிமையாக வாழ்வது அறமா? கேட்ட அளவில் ஆம் என்றே சொல்லத் தோன்றும். ஆயினும் இவ்வினாவைச் சற்றே நின்று ஆராய வேண்டிய காலம் இது. நகரத்தில் உயர்ந்த ஊதியம் பெறும் நம் பிள்ளைகள் சிலர், வேலையைத் துறந்து மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறப் போவதாகச் சொல்கின்றனர். சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே அமைந்த எங்கள் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்திற்கும் அத்தகையோர் நிலம் தேடி வருகின்றனர். பெற்றோருள் சிலர் இதனைப் பித்து என்பர். சிலர் துறவுக்கு நிகர் எனப் புகழ்வர். இவற்றுள் எது பொருந்தும் என்று காண்போம்.

இவ்வேட்கை புதியதன்று. ஸ்காட் நியரிங், ஹெலன் நியரிங் என்னும் தம்பதியர் 1932-இல் நியூயார்க் நகரை விட்டு அமெரிக்காவின் வெர்மான்ட் மலைப்பகுதிக்குச் சென்று, கல்லால் வீடு கட்டி, காய்கறி பயிரிட்டு வாழ்ந்தனர். அவ்வாழ்க்கையைப் பற்றி அவர்கள் 1954-இல் வெளியிட்ட நூலை, வியட்நாம் போரையும் நுகர்வுப் பெருக்கத்தையும் வெறுத்த அடுத்த தலைமுறை இளைஞர்கள் தேடிப் படித்தனர். 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் ஆயிரக்கணக்கானோர் நகரங்களை நீங்கிக் கூட்டுக் குடியிருப்புகளை அமைத்தனர். அவற்றுட் பல சில ஆண்டுகளுக்குள்ளேயே கலைந்தன. உழவின் கடுமையும் பணமுடையும், அன்றாட வேலையை யார் செய்வது என்ற பூசலும் அவற்றைக் கலைத்தன.

அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே நம்மவர் பங்கு கொண்ட ஒரு முயற்சி நடந்தது. 1910-இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகானஸ்பர்க் நகருக்கு அருகே, ஹெர்மன் காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர் தமது 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் காந்தியடிகளிடம் ஒப்படைத்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. அங்கு வாழ்ந்தோருள் தமிழர் பலர். வேலையாட்கள் இல்லை, சமையலும் துப்புரவும் தச்சும் செருப்புத் தொழிலும் எல்லார்க்கும் பொது. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தியடிகள் தமக்குத் தெரிந்த தமிழைக் கொண்டே பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அப்பண்ணை எதற்காக எழுந்தது? சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்தோரின் குடும்பங்களைக் காப்பதற்காக எழுந்தது. அங்கே எளிமை, பிறர் துயரைத் தாங்குவதற்கு ஒரு கருவியாக இருந்தது.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்கியவர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, இலண்டனில் கணக்காய்வும் அமெரிக்காவில் பொருளியலும் பயின்று, காந்தியடிகளின் கிராமத் தொழில் இயக்கத்தை வழிநடத்தியவர் அவர். இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் வாழ்ந்தார். சிறையில் அவர் எழுதிய 'நிலைபேற்றுப் பொருளாதாரம்' என்று பொருள்படும் ஆங்கில நூல் 1945-இல் வெளிவந்தது. மேலைநாட்டு இளைஞர்கள் போற்றிய 'சிறியதே அழகு' என்னும் 1973-ஆம் ஆண்டு நூலில் ஷூமாக்கர் இவரை எடுத்துக்காட்டியுள்ளார்.

குமரப்பா உயிர்களின் வாழ்முறையை ஐந்து படிகளாக வகுத்தார். பிற உயிரைக் கொன்று தின்னும் புலி முதற்படி. தான் நடாத மரத்தின் கனியைப் பறித்துண்ணும் குரங்கு இரண்டாம் படி. தன் உழைப்பால் தன் கூட்டைக் கட்டும் பறவை மூன்றாம் படி. கூட்டத்தார் அனைவர்க்குமாகத் தேன் சேர்க்கும் தேனீ நான்காம் படி. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை ஐந்தாம் படி. இவ்வரிசையில் தன்னிறைவு வாழ்வு எங்கே நிற்கிறது? கூடு கட்டும் பறவையோடு மூன்றாம் படியில் நிற்கிறது. புலியையும் குரங்கையும் நோக்க அது உயர்வே. ஆயினும் அதற்கு மேல் இரண்டு படிகள் உள.

நாம் ஆசிரியப் பணியாற்றிய ஆண்டுகளில், சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயின்ற பிள்ளைகளை அறிவோம். அவர்தம் பெற்றோர் தாம் விளைத்த சாமையை உண்டனர். தாம் வேய்ந்த கூரையின்கீழ் வாழ்ந்தனர். எவரும் அவர்களைத் தன்னிறைவு பெற்றோர் என்று பாராட்டியதில்லை. ஒருவர்க்குக் கடுங்காய்ச்சல் கண்டால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலையிறங்கினர். தானே தேர்ந்த எளிமைக்கும் வேறு வழியற்ற வறுமைக்கும் இடையே எத்துணைத் தொலைவு! நகரிலிருந்து வருபவர்க்கு விளைச்சல் பொய்த்தால் வங்கியிருப்பும் பட்டமும் காத்து நிற்கும். மலையில் பிறந்தவர்க்கு அவ்வாறு திரும்பிச் செல்ல ஓரிடமில்லை.

சித்தேரிக்கு அப்பால், கல்வராயன் மலையை ஒட்டிய சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் இவ்விடைவெளியைக் குறைத்தவர்கள் உண்டு. காந்திகிராம மருத்துவமனையில் பணிபுரிந்த ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் 1993-இல் அங்குச் சென்று, ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினர். அக்காலத்தில் அப்பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் நலப் பணியாளராகவும் பயிற்றுவித்தனர். குழந்தைச் சாவு பெரிதும் குறைந்தது. நோய்க்கு வேர் உணவிலும் கடனிலும் இருப்பது கண்டு, உழவர்கள் ஒன்றுகூடி இரசாயன உரமின்றிச் சிறுதானியமும் மஞ்சளும் விளைத்துத் தாமே விற்கும் சங்கம் அமைக்கத் துணைநின்றனர். மறைந்துகொண்டிருந்த லம்பாடிப் பூத்தையல் கலை 2006-இல் 'போர்கை' என்னும் பெயரால் மீண்டும் பெண்களுக்கு வருவாய் ஆயிற்று; அம்மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். அங்கு வந்து வாழ்ந்த அனுராதா, கிருஷ்ணா என்னும் கட்டடக் கலைஞர் இருவர் 2004-இல் 'துளிர்' கல்வி மையத்தைத் தொடங்கினர். இவர்கள் அனைவரும் எளிமையை நாடிச் சென்றவர்களே. ஆனால் வேலி கட்டித் தனித்திருக்கவில்லை. அண்டையாரின் தேவையைத் தம் தேவையாகக் கொண்டனர்.

இல்லறத்தார்க்கு நம் முன்னோர் வகுத்த விரதங்களின் வரிசை இங்கே நினைக்கத்தக்கது. அணுவிரதம் ஐந்தனுள் மிகுபொருள் விரும்பாமை உடைமைக்கு எல்லை வகுக்கிறது. குணவிரதங்களுள் போகோபபோக பரிமாணம் நுகர்ச்சிக்கு எல்லை வகுக்கிறது. வரிசை அத்துடன் முடிந்திருக்கலாம், முடியவில்லை. சிட்சாவிரதங்களுள் வையாவிருத்தம் வந்து, எஞ்சியதைக் கொண்டு பிறர்க்குத் தொண்டு செய்க என்கிறது. ஆதிபகவன் அறுவகைத் தொழிலை வகுத்தருளியதும், ஒருவர் தொழிலால் மற்றவர் வாழும் பொருட்டேயன்றோ? எவர் துணையும் எனக்கு வேண்டா என்பது பற்றின்மை போலத் தோன்றும். உற்றுநோக்கின் அதனுள் செருக்கு ஒளிந்திருத்தலும் கூடும்.

தனித்து வாழ்வோர் எவர்க்கும் தீங்கு செய்வதில்லையே எனச் சிலர் வினவலாம். குறைவாக நுகர்வது நன்றே. அதனை இகழ்தல் தகாது. ஆயினும் எங்கள் வட்டாரம் மழை குறைந்த பூமி. ஒருவர் தம் தோட்டம் பசுமையாக வேண்டுமென்று ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு இறக்கினால், பக்கத்து நிலத்தின் திறந்த கிணறு வற்றும். வெளியூரார் மிகுவிலை கொடுத்து நிலம் வாங்கினால், உள்ளூர் உழவர் மகன் அரை ஏக்கரும் வாங்க இயலாது. இயற்கை உரமிட்ட தக்காளியில் இந்தத் தீங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆதலின், நிலம் வாங்கப் புறப்படும் பிள்ளைகளைப் பெற்றோர் தடுக்க வேண்டா. துறவியெனக் கொண்டாடவும் வேண்டா. மூன்று வினாக்களை அன்புடன் கேட்பது போதும். நீ எடுக்கும் தண்ணீர் யாருடைய கிணற்றிலிருந்து குறையும்? நீ கற்ற கல்வியால் அவ்வூர்ப் பிள்ளைக்கு என்ன பயன்? அண்டை வீட்டில் விளைச்சல் பொய்த்த ஆண்டில் உன் குதிர் திறந்திருக்குமா? இவற்றுக்கு நல்ல விடை வைத்திருக்கும் பிள்ளையை மகிழ்ந்து வழியனுப்பலாம். நகரத்திலேயே தங்கிவிட்ட நாமும், நம் குடியிருப்பின் தண்ணீரையும் உடைமையையும் எண்ணி, இவ்வினாக்களை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோமாக.