ஊருக்குப் போன அப்பா

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில், சைக்கிளில் இட்லி விற்று ஜீவனம் நடத்திவந்த ஒருவர் திடீரென்று காலமானபோது, அவருடைய ஐந்து வயது மகனை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காரியங்களையெல்லாம் அவன் கண்ணில் படாமலே முடித்த பெரியவர்கள், மாலையில் அவன் வந்து கேட்டபோது, "அப்பா ஊருக்குப் போயிருக்காவ, ராசா" என்று சொல்லிவைத்தார்கள். கருணையினால் சொன்ன சொல்தான். ஆயினும், பம்பாயில் பிறந்த தமிழ்க் குழந்தைக்கு ஊர் என்பது ரயிலேறிப் போகிற இடம். திருநெல்வேலிச் சீமையில் ஆச்சியும் தாத்தாவும் இருக்கிற இடம். போனவர்கள் கருப்பட்டியும் முறுக்குமாகத் திரும்பி வந்துவிடுகிற இடம். மே மாத விடுமுறையில் தாயோடு ஊருக்குப் போன அந்தச் சிறுவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை அறையாகத் தேடிப் பார்த்துவிட்டு, தன்மேல் உள்ள கோபத்தினால்தான் அப்பா எங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறார் என்று தீர்மானித்துக்கொண்டான். இதை அவன் தாயே என்னிடம் சொன்னாள்.

ஹங்கேரி தேசத்துக் குழந்தைகளோடு பேசியும், அவர்களை எழுதவும் வரையவும் வைத்தும் ஆராய்ந்த மரியா நாகி என்ற மனோதத்துவ அறிஞர், 1948-இல் வெளியிட்ட கட்டுரையில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மரணத்தை ஒரு பிரயாணமாகவோ உறக்கமாகவோ கருதுகிறார்கள் என்றும், ஒன்பது வயதை ஒட்டியே அது யாவருக்கும் நேர்வது, மீளாதது என்று உணர்கிறார்கள் என்றும் எழுதினார். அப்படியிருக்க, தானாகவே பிரயாணமென்று எண்ணும் குழந்தையிடம் நாமும் "ஊருக்குப் போயிருக்கிறார்" என்றால், அதன் மயக்கத்துக்கு நாமே சாட்சி சொல்கிறோம். "தூங்குகிறார்" என்று கேட்ட குழந்தை இரவில் கண்ணை மூட அஞ்சுகிறது. "சாமி அழைத்துக்கொண்டார்" என்று கேட்ட குழந்தை, அடுத்து அம்மாவையும் அழைத்துக்கொள்வாரோ என்று சாமியிடமே பயப்படுகிறது.

நம் முன்னோர் இவ்வாறு ஒளிக்கவில்லை. தாத்தா இறந்தால் பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம் கொடுத்து, உடலைச் சுற்றிவரச் செய்த சம்பிரதாயத்தில், துக்கத்தில் குழந்தைக்கும் ஓர் உரிமையான இடம் இருந்தது. பத்தடி அறையில் குடித்தனம் செய்கிற நகர வாழ்வு அதைக் குறைத்தது. 2020-இல் கொரோனா வந்தபோதோ, முகத்தைக்கூடப் பார்க்காமல் பிரியும்படி ஆயிற்று.

பம்பாய் மாதுங்காவின் கதாகாலட்சேபங்களில் நசிகேதனின் சரித்திரத்தை நம்மில் பலர் கேட்டிருப்போம். யமன் வீட்டு வாசலில் மூன்று இரவுகள் காத்திருந்த அந்தச் சிறுவன், இறந்தபின் என்ன ஆகிறது என்று கேட்க, பொன்னும் ராஜ்யமும் தருகிறேன், இதை மட்டும் கேளாதே என்று யமன் ஆன மட்டும் தட்டிக்கழித்துப் பார்த்து, முடிவில் பதில் சொன்னான். மிட்டாயும் கைப்பேசியும் கொடுத்துக் குழந்தையின் கேள்வியைத் திசை திருப்புகிற நாம், யமனுடைய முதற்பாதியை மட்டுமே செய்கிறோம்.

அழுதுகொண்டிருந்த குழந்தை மறுநிமிஷம் கோலிக்குண்டு விளையாடப் போனால், அதற்குத் துக்கமில்லை என்று எண்ண வேண்டாம். தாங்கக்கூடிய அளவுக்குத் துக்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கு அது பிறகு வரும். அப்படி வருகையில் அதே கேள்வியைப் பத்தாம் முறையாகக் கேட்டாலும், அதே பதிலைப் பொறுமையாகச் சொல்ல ஒருவர் வேண்டும். உங்களால் இயலாதபோது, 1996-இல் செம்பூரை அடுத்த தேவனாரிலுள்ள டாடா சமூக விஞ்ஞானக் கழகத்தின் முயற்சியாகப் பம்பாயில் தொடங்கி, இன்று தேசமெங்கும் பரவியிருக்கும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ தந்தையை இழந்த குழந்தை இருந்தால், "அப்பா இறந்துவிட்டார், இனி வரமாட்டார், அதற்கு நீ காரணமில்லை" என்று அந்தச் சொற்களாலேயே சொல்லுங்கள். சொன்னபின் எழுந்து போய்விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.