கண்ணுக்குத் தெரியாத குறை

பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் பழைய நிழல் கடிகாரம் ஒன்று உண்டு. ளுஹர், அஸர் நேரங்களை அறிந்துகொள்ள முன்னோர் வைத்தது. அப்படிப்பட்ட கடிகாரத்தின் முள் சற்றே சாய்ந்து, அது எவருக்கும் தெரியாமலிருந்தால் என்ன ஆகும்? நிழல் வழக்கம்போல் விழும். ஊரார் நம்பித் தொழுவார்கள். நேரம் மட்டும் தவறியிருக்கும். அளக்கும் கருவியின் குறை கருவியோடு நிற்பதில்லை. அதை நம்பிய அனைவரையும் சேர்கிறது.

சென்ற மாதம் ஒரு வாலிபர் மஸ்அலா கேட்டு வந்தார். படகு எஞ்சின்களுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுப்பவர். வீட்டிலேயே சிறிய சி.என்.சி. மில்லிங் மிஷின் ஒன்று வைத்திருக்கிறார். அதற்காகப் பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் ‘டச் புரோப்’ ஒன்று வாங்கினார். “உள்ளது உள்ளபடி, பிறகு வந்து கேட்கக் கூடாது” என்று சொல்லி விற்றாராம். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஒரே இடத்தைத் தொட்டு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்குக் காட்டியது. வாலிபர் அதைக் கழற்றிச் சீர்செய்தார். இப்போது வேறொருவர் விலைக்குக் கேட்கிறார்.

“ஹஜ்ரத், பழுது பார்த்ததைச் சொன்னால் பாதி விலைக்குத்தான் போகும். இப்போது சரியாகத்தானே இருக்கிறது? சொல்லித்தான் ஆக வேண்டுமா?” என்றார்.

கருவியின் தன்மையை அறியாமல் தீர்ப்புச் சொல்லலாகாது. விளக்கும்படி கேட்டேன். 1972-ல் கன்கார்டு விமானத்தின் எஞ்சின் குழாய்களை அளப்பதற்காக டேவிட் மெக்மர்ட்ரி என்ற பொறியாளர் கண்டுபிடித்தது இது. ஊசியின் நுனியில் ஒரு சிறு மாணிக்க உருண்டை. ஊசியின் மேல்முனையில் மூன்று கைகள். ஒவ்வொன்றும் இரண்டிரண்டு உருண்டைகள் மீது அமர்ந்திருக்கும். அவற்றின் வழியே மின்சாரம் ஓடும். நுனி எதையேனும் தொட்டவுடன் கை எழும்பும், மின்னோட்டம் அறும்; மிஷின் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும். பிறகு ஸ்பிரிங் ஊசியைப் பழைய இடத்திலேயே அமர்த்தும்.

அமரும் இடத்தில் அழுக்கோ கறையோ படிந்தால் சாட்சி தடுமாறுகிறது. ஊசி எதிலாவது மோதி வளைந்திருந்தாலும் கணக்குப் பிசகும். ஆனால் எப்போதும் ஒரே அளவு பிசகினால், அளவு தெரிந்த வளையத்தைத் தொட வைத்து அந்தப் பிசகைக் கழித்துவிடலாம். தடவைக்குத் தடவை மாறுவதற்குத்தான் பரிகாரமில்லை. ஹதீஸ் கலை வல்லுநர்களும் அறிவிப்பாளரிடம் நேர்மையோடு நினைவின் உறுதியையும் தேடினார்கள். நல்ல மனிதராயினும் நினைவு தடுமாறியவரின் சொல்லை ஏற்கவில்லை.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். விலையைக் குறைக்கிற, அல்லது வாங்குபவரின் நோக்கத்தைக் கெடுக்கிற குறை எதுவோ அதுவே வியாபாரத்தில் ‘ஐப்’. “குறைகளுக்கு நான் பொறுப்பில்லை” என்று நிபந்தனையிட்டு விற்றாலும், ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, விற்பவர் அறியாத, கால்நடையின் உள்ளே மறைந்த குறைக்கு மட்டுமே அது செல்லும். இரும்புச் சாமானுக்குச் செல்லாது. ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஆயினும், அறிந்த குறையை மறைத்து ஏமாற்றுவதை எந்த மத்ஹபும் அனுமதிப்பதில்லை.

“தம்பி, குறை கண்டதும் தாமதமின்றி நீங்கள் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கழற்றி வேலை செய்த பிறகு அந்த உரிமை கைநழுவிவிட்டது. உங்களுக்கு நேர்ந்ததை அடுத்தவர் தலையில் கட்ட அது காரணமாகாது. திறந்து பழுது பார்த்த புரோபுக்கு விலை குறைவு என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆகவே அதை மறைக்கக் கூடாது” என்றேன்.

“மைக்ரான் கணக்குத்தானே ஹஜ்ரத்? தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே!”

அளவையில் மோசம் செய்வோரைத் திருமறை ‘முதஃப்ஃபிஃபீன்’ என்று அழைப்பதை நினைவூட்டினேன். அற்பமானது என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். அவர்கள் திருடியது அற்பமே, எச்சரிக்கையோ பெரிது. இதை நம்பி ஒருவர் புஷ் கடைந்து, அது இறுகி, முகத்துவாரத்தில் அலை அடிக்கும்போது எஞ்சின் நின்றால், அந்த அற்பத்தின் விலை என்ன?

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. உண்மைதான், மழை அவர் குற்றமல்ல. ஈரத்தை மேலே வைக்காததே குற்றமாயிற்று.

எழுந்து போகும்போது வாலிபர் ஒன்று சொன்னார். புரோபின் மின்சுற்று எப்போதும் மூடியிருக்கும்படி இணைக்க வேண்டுமாம். அப்போதுதான் கம்பி அறுந்தாலும் மிஷின் உடனே நிற்கும். திறந்திருக்கும்படி இணைத்தால், அறுந்தது தெரியாமல் ஊசி மோதி உடையும். தன் பழுதைத் தானே ஒப்புக்கொள்ளும்படி கருவியை அமைக்கிற மனிதன், தன்னையும் அப்படி அமைத்துக்கொள்ள வேண்டாமா?

மறுவாரம் அவர் ஒரு தாளைக் காட்டினார். எதைக் கழற்றினார், எதைத் துடைத்தார், ஒரே இடத்தைப் பத்துத் தடவை தொட்டபோது எத்தனை மைக்ரான் வித்தியாசம் வந்தது என்பதெல்லாம் அதில் இருந்தன. விலை குறைந்தேதான் போயிற்று. ஆனால் அந்தப் பணத்தில் சந்தேகம் இல்லை. அத்தகைய சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!