கையில என்ன இருக்கு?

பின்வரிசையில பேசிக்கிட்டிருக்கிற அம்மா, முடிச்சிட்டீங்களா? நல்லது. முட்செடி எரியுது. மோசே ஆயிரம் சாக்கு சொல்றார். நான் யாரு போறதுக்கு, என்னை நம்ப மாட்டாங்கங்கறார். ஆண்டவர் கேட்டார்: கையில என்ன இருக்கு? கோல்தான் இருக்கு. போதும், வா!

அமெரிக்காவுல, அலபாமா மாநிலத்துல, கல்மன்னு ஒரு சின்ன ஊர். அங்கே ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளோட மடம். மடத்துக்குச் சொந்தமான பழைய கல்குவாரிக்குள்ள ஒரு மாதா கெபி. நம்ம ஊர் மாதிரி ஒரு குகை, ஒரு சுரூபம், நாலு மெழுகுவர்த்தி இருக்கும்னு நினைச்சுப் போனா, சரிவு முழுக்க ஊர்கள்! இந்தப் பக்கம் எருசலேம், அந்தப் பக்கம் ரோமாபுரி. சின்னச் சின்னதா 125 கட்டடம். அத்தனையும் ஒரே ஆள் கைவேலை.

யாரு? ஜோசப் சோட்டில்னு ஒரு சகோதரர். 1878-ல ஜெர்மனியில பிறந்தவர், சின்னப் பையனா கப்பலேறி வந்தார். விபத்துல முதுகு கூனிப் போச்சு. குருவாக முடியாதுன்னுட்டாங்க. மடத்துக் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடற வேலை. நாமளா இருந்தா? 'எனக்கு மரியாதை இல்ல'ன்னு ஆயருக்கு மூணு கடிதம் போட்டிருப்போம்! சிரிக்காதீங்க, எழுதினவங்க இங்கேயே உட்கார்ந்திருக்கீங்க.

அவர் கையில என்ன இருந்தது? கரி. சிமென்ட். உடைஞ்ச தட்டு, கோலிக்குண்டு, சிப்பி, முகத்துக்குப் பூசற க்ரீம் டப்பா. இராயப்பர் பேராலயத்துக் குவிமாடம் எதுல செஞ்சார் தெரியுமா? பறவைக்கூண்டு! கிளி பறந்துடுச்சு, கோவில் வந்துடுச்சு. சரக்கு ரயில் தடம் புரண்டு, உடைஞ்ச சலவைக்கல் மடத்துக்கு வந்தது. அதையும் விடல. தள்ளிப்போட்ட கல்லு மூலைக்கல்லான கதையை நான் உங்களுக்குச் சொல்லணுமா?

இதுல இன்னொண்ணு. சொந்த ஊர்க் கட்டடங்கள் மாதிரி சிலதைத் தவிர, இவர் செஞ்ச எதையும் நேர்ல பார்த்ததில்ல. ரோமாபுரியும் பார்க்கல, எருசலேமும் பார்க்கல. தபால் அட்டைப் படத்தைப் பார்த்துச் செஞ்சது. நாம திருயாத்திரை போறோம். பஸ்ஸுல ஏசி வேலை செய்யலன்னு வழிபூரா சண்டை. போய் இறங்கினதும் முதல்ல தேடறது சார்ஜர். கையில என்ன இருக்கு? போன் இருக்கு! மோசே கோலைக் கீழே போட்டார், பாம்பாச்சு. உங்க போனைக் கீழே போடுங்க, வீட்டுல எல்லாரும் பாம்பாயிடுவாங்க.

கெபி 1934-ல அர்ச்சிப்பு ஆச்சு. அதுக்கப்புறமும் மனுஷன் நிறுத்தல. கடைசியா செஞ்சது லூர்து மாதா பேராலயம், 1958-ல. அப்போ வயசு 80. 1961-ல இறந்தார்.

அங்கே ஒருத்தர் கடிகாரத்தைப் பார்க்கறார். ஐயா, அவர் 80 வயசுல கூன் முதுகோட பேராலயம் கட்டினார். நீங்க நாற்காலியில இன்னும் அஞ்சு நிமிஷம் உட்காருங்க. ஜெபமாலை எடுத்து வந்தவங்க வெளியே எடுங்க. மறந்தவங்களுக்கு விரல் பத்து இருக்கு.