குட்டி பாட்டில்

எங்கள் வீட்டு பாத்ரூம் அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே பல ஊர் ஓட்டல்களின் குட்டி ஷாம்பு பாட்டில்கள், சோப்பு, சீப்பு. அறைக்கு வாடகை கொடுத்தவன் இதை எடுத்து வருவது திருட்டா? டவலை எடுத்தால் திருட்டு, ஷாம்புவை எடுத்தால் இல்லை என்று மனசாட்சியோடு ஓர் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறேன். (என் மனைவி அதில் கையெழுத்துப் போடவில்லை.)

“இனிமே உன் டின் நிரம்பாதுடா” என்றான் நண்பன். சென்னையில் ஓர் ஓட்டலில் பர்ச்சேஸ் மேனேஜர். வருஷம் முழுக்க அறை எடுக்கும் பெரிய கம்பெனிகள் ஒரு கேள்வித்தாள் அனுப்புமாம். தங்கள் ஊழியர்கள் எங்கே தங்கலாம் என்கிற டிராவல் பாலிசியில் இடம்பிடிக்க அதில் பாஸாக வேண்டும். அறை வாடகைக்குக் கீழே ஒரு கேள்வி: குட்டி பிளாஸ்டிக் பாட்டில் வைக்கிறீர்களா? ஆமாம் என்றால் மார்க் போச்சு. அதனால் சுவரில் மாட்டும் பம்ப் பாட்டில் வந்துவிட்டது.

உலகமெங்கும் இதே கதை. 2019-ல் மாரியட், தன் ஓட்டல்களில் மட்டும் வருஷத்துக்கு 50 கோடி குட்டி பாட்டில்கள் மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னது. அதே ஜூலையில் ஷாங்காய் நகரம் பல் பிரஷ், சீப்பு, ஷேவிங் ரேஸர் முதலான ஆறு சாமான்களை விருந்தாளி கேட்டால் ஒழிய அறையில் வைக்காதே என்றது. 2024 மார்ச்சிலிருந்து தென் கொரியாவில் 50 அறைகளும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்கள் பல் பிரஷ், ஷேவிங் ரேஸர் போன்றவற்றை இலவசமாகத் தரக்கூடாது.

நல்லதுதானே? “நல்லதுதான். செலவும் குறைச்சல்” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் கேள்வி. லாபம் தருகிற நல்ல காரியம் நல்ல காரியமா? ஜெர்மன் தத்துவ ஞானி இம்மானுவேல் கான்ட் 1785-ல் ஒரு கடைக்காரரைக் காட்டினார். விவரம் தெரியாத குழந்தை வந்தாலும் அதே விலைதான் சொல்வார். ஆனால் அது வியாபாரத்துக்கும் நல்லது. எனவே அவர் கடமை உணர்ச்சியால்தான் அப்படிச் செய்தார் என்று சொல்ல முடியாது என்றார் கான்ட். கறார் பேர்வழி. எனக்கு அவ்வளவு கறார் கிடையாது. பாட்டில் கடலுக்குப் போகாமலிருந்தால் சரி. யார் என்ன எண்ணத்தில் நிறுத்தினார்கள் என்று ஆமை விசாரிக்கப் போவதில்லை.

“அந்த பாட்டிலையெல்லாம் யார் சப்ளை பண்ணினது?”

அம்பத்தூர் பக்கம் ஒருவராம். எட்டு பெண்களை வைத்து ஷாம்பு நிரப்பி, மூடி போட்டு, லேபிள் ஒட்டிக் கொடுத்தவர். பதினோரு வருஷம். பெரிய பாட்டில் நிரப்பத் தயார்தான், அதற்கு வேறு மெஷின் வேண்டும், கடன் வாங்க வேண்டும். “ஒரு வருஷத்துக்கு ஆர்டர் தர்றேன்னு லெட்டர் குடுங்க சார், பேங்க்ல காட்டணும்” என்று கேட்டிருக்கிறார்.

“குடுத்தியா?”

“எப்படிடா? எங்க பாலிசிப்படி மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரேட் கேக்கணும்.”

“அந்தக் கேள்வித்தாள்ல இதைப் பத்தி ஏதாவது உண்டா?”

“சப்ளையரைப் பத்தியா?” என்று யோசித்தான். “இல்லை. பாட்டிலைப் பத்தி மட்டும்தான்.”